கண் சிமிட்ட முடியாதவருக்குக் கணக்கு மறுக்கப்பட்ட கதை: பிரக்யா பிரசூன் வழக்கு, ஓர் ஆய்வு

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு, பிரக்யா பிரசூன் எதிர் இந்திய ஒன்றியம், அமர் ஜெயின் எதிர் இந்திய ஒன்றியம் என்ற இரு ரிட் மனுக்களையும் சேர்த்து விசாரித்து ஒரே தீர்ப்பை வழங்கியது. வங்கிக் கணக்கு தொடங்கவும், சிம் கார்டு வாங்கவும், பங்குகளில் முதலீடு செய்யவும் இன்று தவிர்க்க முடியாததாகிவிட்ட மின்னணு கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) நடைமுறை, முகம் சிதைந்தவர்களையும் பார்வையற்றவர்களையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்பதே மனுக்களின் சாரம். மின்னணு சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு கூறு என்று அறிவித்த தீர்ப்பு, அரசுத் துறைகளுக்கும் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கும் 20 வழிகாட்டுதல்களையும் பிறப்பித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி மகாதேவன். சென்னை உயர் நீதிமன்றத்தில் பத்தாண்டுகளுக்கும் மேல் பணியாற்றி, அங்கே பொறுப்புத் தலைமை நீதிபதியாகவும் இருந்து, 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றவர்.

இந்த வழக்கில் என் கவனத்தை இழுத்த செய்தி ஒன்று உண்டு. மாற்றுத்திறனாளிகளை விலக்கிவைக்க வேண்டும் என்று இங்கே யாரும் முடிவெடுக்கவில்லை. கண்ணைச் சிமிட்டினால்தான் கணக்கு என்று ரிசர்வ் வங்கியின் வீடியோ கேஒய்சி விதிகள் கட்டாயப்படுத்தவும் இல்லை. இருந்தும் ஒரு பெண்ணுக்குக் கணக்கு மறுக்கப்பட்டது. மென்பொருள் எழுதியவர் தமக்கு எளிதாகப்பட்ட ஒரு சோதனையை வைத்தார். அதை வாங்கிய நிறுவனம் கேள்வி கேட்காமல் பயன்படுத்தியது. கண்காணிக்க வேண்டியவர்கள் அதை நிறுவனத்தின் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். இப்படி மூன்று கை மாறிய ஒரு சோதனை, நடைமுறையில் சட்டத்தின் வலிமையைப் பெற்றுவிட்டது.

வழக்கின் பின்னணி

பிரக்யா பிரசூன் ஆசிட் வீச்சிலிருந்து மீண்டவர்; அவ்வாறு மீண்டவர்களுக்காக அதிஜீவன் என்ற அறக்கட்டளையை நடத்திவருபவர். 2023 ஜூலையில் அவர் ஒரு தனியார் வங்கியில் கணக்கு தொடங்கச் சென்றார். கேமரா முன் கண்ணைச் சிமிட்டி, தாம் உயிருள்ள மனிதர் என்று நிரூபிக்கும்படி நடைமுறை கேட்டது. ஆசிட் வீச்சில் இமைகள் பாதிக்கப்பட்டவரால் அது முடியவில்லை, கணக்கு மறுக்கப்பட்டது. செய்தி சமூக ஊடகங்களில் பரவிய பிறகு அவருக்கு மட்டும் விதிவிலக்கு அளிக்க வங்கி முன்வந்தது. இதே காரணத்தால் சிம் கார்டு கிடைக்காமல் போனவரும் மனுதாரர்களில் இருந்தார்.

விதிவிலக்கைப் பெற்றுக்கொண்டு விலகியிருந்தால் இந்தத் தீர்ப்பே இல்லை. பெயர் தெரிந்த ஒருவருக்கு, ஊர் பேசிய பிறகு, தயவாகத் தரப்பட்ட அனுமதி அது. ஒரு சிற்றூரில் இதே நிலையில் இருக்கும், ஆதரவாகப் பதிவிட ஆளில்லாத பெண்ணுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களை, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் தன் அட்டவணையில் உள்ள 21 வகைகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. சட்டம் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டவர்களைச் செயலி அடையாளம் காண மறுத்தது என்பதுதான் 2024-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் சென்ற முறையீடு.

இரண்டாவது மனுவைத் தாக்கல் செய்த அமர் ஜெயின் முழுப் பார்வையற்றவர், வழக்கறிஞர். அவர் எடுத்துவைத்தது ஒரே ஒரு தடையை மட்டும் பற்றியதல்ல; செல்ஃபி எடுப்பதிலிருந்து கையெழுத்து வரை கேஒய்சியின் ஒவ்வொரு படியையும் பற்றியது.

கேஒய்சி எப்படிக் கதவாக மாறியது

வாடிக்கையாளரின் அடையாளத்தை உறுதிசெய்யும் கடமையை 2002-ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டமும் அதன் 2005-ஆம் ஆண்டு விதிகளும் நிதி நிறுவனங்கள் மீது சுமத்தின. அவற்றைச் செயல்படுத்தும் விரிவான விதிமுறைகளை ரிசர்வ் வங்கி 2016-இல் வெளியிட்டது. 2020 ஜனவரியில் வீடியோ வழி அடையாளச் சரிபார்ப்பு அனுமதிக்கப்பட்டது. சில வாரங்களிலேயே கொரோனா ஊரடங்கு வந்ததால், மாற்று வழியாக வந்த ஒன்று பலருக்கு முதல் வழியாகிவிட்டது. கிளைக்குப் போய் ஊழியரிடம் பேசிப் படிவம் நிரப்பும் பழைய முறை மெல்லத் தேய்ந்தது. தொலைத்தொடர்புத் துறை இன்னும் ஒரு படி மேலே போய், 2023 டிசம்பர் 5 தேதியிட்ட அறிவிப்பின் மூலம், சிம் கார்டுக்கான காகித கேஒய்சியை 2024 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டது.

புதிய வழி திறக்கப்பட்டதில் எவருக்கும் குறை இல்லை. வீட்டை விட்டு வெளியேறுவதே பெரும்பாடான சக்கர நாற்காலிப் பயனருக்கு வீடியோ கேஒய்சி பெரிய வரம்தான். புதிய வழி யாருக்கு எட்டாது என்று பார்ப்பதற்கு முன்பே பழைய வழியை அடைத்ததில்தான் தவறு நேர்ந்தது.

கேமராவின் முன் என்ன நடக்கிறது

உயிர்ப்புச் சோதனை என்பது கேமராவின் முன் இருப்பது ஓர் ஆளா, அவருடைய புகைப்படமா என்று பிரித்தறியும் முயற்சி. சிமிட்டலை அடிப்படையாகக் கொண்ட சோதனையில், மென்பொருள் முகத்தில் சில புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, மேல் இமைக்கும் கீழ் இமைக்கும் இடையிலான இடைவெளி ஒரு கணம் சுருங்கி மீண்டும் விரிகிறதா என்று பார்க்கிறது. சுருங்கினால் ஆள், சுருங்காவிட்டால் படம். இமை உருகிப்போனவருக்கும், தழும்பு இறுகி இமை மூடாதவருக்கும், அறுவை சிகிச்சையில் இமை மறுசீரமைக்கப்பட்டவருக்கும் அந்த இடைவெளி எதிர்பார்த்தபடி மாறுவதில்லை. ஆகவே உயிரோடு எதிரே அமர்ந்திருக்கும் மனிதரை மென்பொருள் காகிதப் படமாகக் கணக்கிடுகிறது. சரிபார்ப்பு தோல்வி என்ற ஒரு வரி திரையில் வருகிறது. மீண்டும் முயலலாம், அதே வரி மீண்டும் வரும். என்ன காரணம், யாரிடம் கேட்பது என்பதற்கு அங்கே இடமில்லை.

பார்வையற்றவரின் அனுபவம் வேறு வகையானது. அவர் கைப்பேசியில் திரைவாசிப்பான் ஓடிக்கொண்டிருக்கும். விரல் தொடும் இடத்தில் இருப்பதை அது குரலில் சொல்லும். வடிவமைத்தவர் பட்டனுக்குப் பெயர் வைக்காமல் விட்டிருந்தால் பெயரில்லாத பட்டன் என்று மட்டுமே கேட்கும். அது அடுத்த பக்கத்துக்குப் போவதா, விண்ணப்பத்தையே ரத்து செய்வதா என்று தெரியாமல் அழுத்த வேண்டியதுதான். பிறகு செல்ஃபி. முகத்தை வட்டத்துக்குள் கொண்டுவரும்படி திரையில் எழுத்து மின்னும்; சற்று இடப்பக்கம், சற்று மேலே என்று குரலில் வழிகாட்டும் ஏற்பாடு பெரும்பாலும் இருப்பதில்லை. பான் கார்டைப் படம் எடுக்கும்போது நான்கு மூலைகளும் சட்டகத்துக்குள் அமைய வேண்டும். எந்தப் பக்கம் அச்சு இருக்கிறது என்பதையே தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத வழவழப்பான அட்டை அது. வெள்ளைத் தாளில் கையெழுத்திட்டுப் படம் எடுத்து ஏற்றச் சொல்வார்கள். கைநாட்டு வைப்பவர் என்றால் அந்தப் படம் ஏற்கப்படாது. இடையில் ஓடிபி வரும். செயலியை விட்டு வெளியே போய்க் குறுஞ்செய்தியைத் திறந்து, குரல் சொல்லும் எண்களை மனத்தில் இருத்தித் திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்து, பக்கம் தொடக்கத்துக்கே போய்விடும்.

பக்கத்தில் யாராவது இருந்து உதவலாமே என்று தோன்றும். வீடியோ கேஒய்சி விதிகளின்படி, வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால் கணக்குத் தொடங்கும் நடைமுறையை நிராகரிக்க வேண்டும். மிரட்டியோ ஏமாற்றியோ கணக்கு தொடங்கவைப்பதைத் தடுக்க வந்த விதி அது. நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால், கார்டை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க அப்பா என்று மகள் சொல்வதும், மோசடிக்காரன் மறைந்திருந்து பதில் சொல்லித் தருவதும் அந்த விதியின் பார்வையில் ஒன்றாகிவிடுகின்றன. தனியாகச் செய்ய முடியாதபடி வடிவமைத்துவிட்டு, துணையோடு செய்தால் நிராகரிப்பது, இரு பக்கமும் அடைத்த சந்தில் ஒருவரை நிறுத்துவதற்கு ஒப்பானது. வழக்கின் ஆவணங்களில் எனக்கு மிகவும் வேதனை தந்த இடம் இதுதான்.

நீதிமன்றம் எடுத்துக்கொண்ட சட்ட வழி

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 40, 42, 46 ஆகிய பிரிவுகள் வழக்கின் அச்சாணி. 40-ஆவது பிரிவு அணுகல்தன்மைக்கான தரநிலைகளை விதிகளாக வகுக்கச் சொல்கிறது. 42-ஆவது பிரிவு தகவல் தொழில்நுட்பத்துக்கும் மின்னணு ஊடகங்களுக்கும் அதை விரிக்கிறது. 46-ஆவது பிரிவு, அரசு ஆனாலும் தனியார் ஆனாலும், சேவை வழங்குவோர் அந்த விதிகள் வெளியான இரண்டு ஆண்டுகளுக்குள் அவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. கெடு 2019-லேயே முடிந்துவிட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் மின்னணுப் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் ஐ.எஸ். 17802 என்ற தரநிலையை வகுத்து, அது 2023-இல் விதிகளிலும் சேர்க்கப்பட்டது. சட்டமும் தரநிலையும் கெடுவும் இருந்தன. அவற்றைக் கேட்டு வாங்கும் கைதான் இல்லாமல் இருந்தது.

இந்தத் தீர்ப்புக்கு முன்னோடி, 2024 நவம்பர் 8 அன்று வந்த ராஜீவ் ரதூரி வழக்கின் தீர்ப்பு. நீதிபதி பர்திவாலா அந்த அமர்விலும் இருந்தார். தரநிலைகளை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த, 2017 விதிகளின் 15-ஆவது விதியின் முதல் உட்பிரிவு மூலச் சட்டத்துக்கு முரணானது என்று அது அறிவித்தது. எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்க முடியாத கட்டாயத் தரங்களை மூன்று மாதங்களுக்குள் வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு தெளிவாக்கிய ஒரு வேறுபாடு நம் வழக்கைப் புரிந்துகொள்ள மிகவும் உதவும். ஒரு தனிமனிதர் தடையைச் சந்தித்து, கேட்ட பிறகு, அவருக்கென்று செய்து தருவது தக்க வசதி ஏற்பாடு. யாரும் வந்து கேட்பதற்கு முன்பே, எல்லோரும் வருவார்கள் என்று எண்ணி அமைத்துவைப்பது அணுகல்தன்மை. இரண்டும் தேவை, ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது. பிரக்யா பிரசூனுக்கு வங்கி தந்தது முதல் வகையின் மெலிந்த வடிவம். அவர் நீதிமன்றத்தில் கேட்டது இரண்டாவது வகை.

அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 21-ஐ மாற்றுத்திறனாளிகளோடு மட்டும் பிரக்யா பிரசூன் தீர்ப்பு நிறுத்தவில்லை. அரசின் நலத்திட்டங்கள், கல்வி, மருத்துவம் யாவும் மின்னணு வழியே வரும் காலத்தில், கிராமப்புற மக்களும் முதியவர்களும் வறியவர்களும் மொழிச் சிறுபான்மையினரும்கூட இணையத்தின் விளிம்பில் நிற்கிறார்கள் என்பதைச் சுட்டி, 14, 15, 38 ஆகிய பிரிவுகளோடு சேர்த்து 21-ஆவது பிரிவுக்குப் பொருள்கொள்ள வேண்டும் என்றது.

இருபதில் முக்கியமானவை

வழிகாட்டுதல்களில் பல, துறைதோறும் பொறுப்பு அலுவலர், விழிப்புணர்வுப் பிரசாரம், ஊழியர் பயிற்சி, உதவி எண், சைகை மொழி விளக்கம், பிரெய்ல் வடிவம் என்று எதிர்பார்க்கக்கூடியவை. அவற்றை விரிக்கத் தேவையில்லை. நடைமுறையை உண்மையாகவே மாற்றக்கூடியவை என்று நான் கருதும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

சிமிட்டலுக்கு மாற்றான உயிர்ப்புச் சோதனைகளை ஏற்கும்படி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வழிகாட்ட வேண்டும். வீடியோ கேஒய்சியில் சிமிட்டல் கட்டாயமில்லை என்றும் தெளிவுபடுத்த வேண்டும். கைநாட்டின் படத்தை ஏற்க வேண்டும். காகித கேஒய்சி அணுகத்தக்க வழி என்பதால் அது தொடர்ந்து கிடைக்கும்படி தொலைத்தொடர்புத் துறையின் 2023 டிசம்பர் அறிவிப்பைத் திருத்த வேண்டும். இந்தக் கடைசி உத்தரவை நான் பெரிதும் மதிக்கிறேன். தொழில்நுட்பத்தை மேம்படுத்தச் சொல்வது எளிது. அது மேம்படும் வரை மனிதர்கள் காத்திருக்கக் கூடாது என்பதற்காகப் பழைய கதவைத் திறந்தே வைக்கச் சொல்வதற்கு நிலைமையை அறிந்த மனம் வேண்டும்.

அதே அளவு முக்கியமானது, நிராகரிக்கப்பட்ட கேஒய்சி விண்ணப்பங்களை மனிதர் ஒருவர் மறுபரிசீலனை செய்யும் ஏற்பாடு. இயந்திரம் இல்லை என்று சொன்ன இடத்தில், ஆம் என்று சொல்லும் அதிகாரம் உள்ள ஓர் அலுவலர் இருந்தால், மென்பொருள் இன்னும் கண்டிராத முகங்களுக்கும் உடல்களுக்கும் வழி பிறக்கும். சிமிட்டலை நீக்கிவிட்டுத் தலையை இரு பக்கமும் திருப்பச் சொன்னால், கழுத்தை அசைக்க முடியாதவர் அடுத்து மாட்டிக்கொள்வார். எண்களை வாய்விட்டுச் சொல்லச் செய்தால் பேச இயலாதவர் மாட்டிக்கொள்வார். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே சோதனை என்பது கிடையாது. ஆகவே சோதனைகள் பலவாக இருக்க வேண்டும், அவற்றுக்கு மேல் ஒரு மனிதரும் இருக்க வேண்டும். கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் கைவிரல்கள் இல்லாத ஒரு பெண்ணுக்கு ஆதார் பதிவு மறுக்கப்பட்டு, 2023 டிசம்பரில் ஒன்றிய அமைச்சர் தலையிட்ட பிறகுதான் கருவிழிப் பதிவின் மூலம் ஆதார் கிடைத்தது. ரேகை தர இயலாதோருக்கான விதிவிலக்கு அதற்கு முன்பே ஏட்டில் இருந்தது. பதிவு மையத்தில் அமர்ந்திருந்தவருக்கு அதைப் பயன்படுத்தத் தெரியவில்லை, அல்லது துணிவில்லை.

மூன்றாவதாக, சான்றளிக்கப்பட்ட வல்லுநர்களைக் கொண்டு காலமுறைத் தணிக்கை செய்யவும், செயலியையோ புதிய வசதியையோ வெளியிடும் முன் பயனர் சோதனையில் பார்வையற்றவர்களைச் சேர்க்கவும் தீர்ப்பு கட்டளையிட்டது. தணிக்கைப் பட்டியலில் எல்லாக் கட்டங்களும் நிரம்பிய செயலியே பயன்படுத்தும்போது தடுமாற வைப்பது உண்டு. பட்டனுக்குப் பெயர் இருக்கும். ஆனால் ஓடிபிக்கான நேரம் போதாது. தமிழ் தெரிவு இருக்கும். ஆனால் அதில் உள்ள படிவம் ஸ்கேன் செய்யப்பட்ட படமாகவோ பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப் ஆகவோ இருந்து, திரைவாசிப்பான் மௌனமாகிவிடும் அல்லது உளறும். இவற்றை அன்றாடம் பயன்படுத்துபவர் எளிதில் பிடித்துவிடுவார். எனினும் பார்வையற்றவர்களோடு நிறுத்தாமல், காது கேளாதோரையும் அறிவுசார் குறைபாடு உள்ளோரையும் பயனர் சோதனைக்குள் வெளிப்படையாகக் கொண்டுவந்திருந்தால் கட்டளை முழுமையாக இருந்திருக்கும்.

தயக்கம் தரும் உத்தரவு ஒன்றும் உண்டு. கேஒய்சி படிவத்திலேயே குறைபாட்டின் வகையையும் விழுக்காட்டையும் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும் என்பது அது. தேவையை முன்கூட்டியே அறிந்து சேவையை மாற்றியமைக்க அது உதவும் என்பது சரியே. ஆனால் இதே விவரம் காப்பீட்டுக் கட்டணத்தை உயர்த்தவும் கடன் விண்ணப்பத்தை ஓரங்கட்டவும் பயன்படாது என்பதற்கு என்ன காவல்? தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசுவாமி வழக்கில் அறிவித்த நீதிமன்றம், இங்கே அந்தக் காவலையும் சேர்த்தே எழுதியிருக்கலாம். விவரம் தருவது விண்ணப்பதாரரின் விருப்பமாக இருக்க வேண்டும். தராதவருக்கும் எல்லா மாற்று வழிகளும் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

தீர்ப்புக்குப் பின்

2025 ஜூலை 31 அன்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, தன் கட்டுப்பாட்டில் உள்ள எல்லா நிறுவனங்களும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் மின்னணு அணுகல் விதிகளைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தது. 2025 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தன் கேஒய்சி விதிமுறைகளைத் திருத்தியது. உயிர்ப்புச் சோதனை சிறப்புத் தேவை உள்ளவர்களை விலக்குவதில் போய் முடியக் கூடாது என்றும், தீர யோசிக்காமல் எந்த விண்ணப்பத்தையும் நிராகரிக்கக் கூடாது, நிராகரித்தால் அதற்கான காரணத்தை உரிய அலுவலர் பதிவுசெய்ய வேண்டும் என்றும் அத்திருத்தம் சொல்கிறது. மனிதர் பொறுப்பேற்க வேண்டும் என்ற தீர்ப்பின் மையக் கருத்து இதன் மூலம் விதிப் புத்தகத்துக்குள் வந்துவிட்டது.

மீறுவோருக்கான தண்டனைதான் வலுவற்றதாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 89-ஆவது பிரிவின்படி முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம். பெரிய நிறுவனம் ஒன்றுக்கு இது செயலியைத் திருத்தும் செலவைவிட மலிவு. ஆகவே உண்மையான அழுத்தம் அந்தந்தத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பிடமிருந்துதான் வர வேண்டும். ரிசர்வ் வங்கியின் ஆய்வில் அணுகல்தன்மையும் மதிப்பெண் பெறும் பொருளானால் நிலைமை விரைவாக மாறும்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைக் கணக்கிட்டது; தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். வேலை கிடைத்தவருக்குச் சம்பளம் கணக்கில்தான் வருகிறது; மாணவருக்கு உதவித்தொகையும், கடும் பாதிப்புள்ளவருக்கு அரசின் மாதாந்திரப் பராமரிப்புத் தொகையும் அப்படியே. வேலைக்கு விண்ணப்பிக்கவே ஓடிபி பெறும் கைப்பேசி எண் வேண்டும். சிம்மும் கணக்கும் மறுக்கப்பட்டால் அவற்றின் பின்னால் வரிசையாக நிற்கும் இத்தனையும் சேர்ந்தே மறுக்கப்படுகின்றன. நீதிமன்றம் இதை வாழ்வுரிமை என்று அழைத்ததற்குக் காரணம் அதுவே.

இனி விண்ணப்பம் நிராகரிக்கப்படும் எவரும் காரணத்தை எழுத்தில் தரும்படி நிறுவனத்தைக் கேட்கலாம். கைநாட்டு, காகிதப் படிவம், மாற்று உயிர்ப்புச் சோதனை ஆகியவற்றில் தமக்கு ஏற்றது எதுவோ அதை, 2025 ஏப்ரல் 30 தீர்ப்பைச் சுட்டிக்காட்டிக் கோரலாம். வங்கியின் குறைதீர்ப்பு அலுவலரிடம் முறையிட்டு 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி மனு அளிக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் தில்லியில் உள்ள தலைமை ஆணையரிடமும் புகார் அளிக்க 2016-ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்கிறது. புகார் எழுதும்போது செயலியின் பெயர், பதிப்பு எண், எந்தப் படியில் தடைபட்டது, திரைவாசிப்பான் என்ன சொன்னது என்பவற்றைத் தேதியோடு குறிப்பிடுவது நல்லது. பயன்படுத்த முடியவில்லை என்று பொதுவாக எழுதுவதைவிட அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.